இடக்கையனுக்கு ஒரு சைக்கிள்

பிப்ரவரி 3

இன்றைக்கும் கை வரவில்லை.

தடியனோடு நான்கு ரவுண்டு போட்டேன். பயிற்சிக்கு என் முன்னால் நிற்பதற்கென்றே மாஸ்டர் வைத்திருக்கும் ஆள் அவன். என்னைவிடப் பத்துக் கிலோ அதிகம், மூளை அதே அளவுக்குக் குறைச்சல். மூன்றாவது ரவுண்டில் வலது கையைத் தாழ்த்தினான். தாடை மறைப்பில்லாமல் கிடந்தது. என் இடது ஹூக், பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து, போய் இறங்க வேண்டிய இடம். குதிகால் திரும்பியது, இடுப்பு திரும்பியது, முஷ்டி மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்தரத்தில் நின்ற கையைப் பார்த்துத் தடியனே ஒரு கணம் முழித்தான். அப்புறம் அடித்தான். மேலுதடு கிழிந்து பல்லில் மாட்டிக்கொண்டது. வாய் நிறைய ரத்தம். பாதியைத் துப்பி, பாதியை விழுங்கினேன்.

மாஸ்டர் கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினார். "கை எங்கடா? வீட்ல வெச்சிட்டு வந்தியா?"

எங்கே என்று எனக்குத் தெரியும். போன வருடம், ஏழாவது ரவுண்டில், இடக்கையனின் வலது நெற்றிப்பொட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

குற்ற உணர்ச்சியாம். எல்லோரும் சொல்கிறார்கள். மண்ணாங்கட்டி! விதிப்படி நடந்த சண்டை. அவன் என்ன, எனக்கு மாலை போடவா வந்தான்? ஐந்தாவது ரவுண்டிலேயே என் விலா எலும்பு இரண்டை உடைத்தான். நான் அடித்த அடி என் வாழ்க்கையிலேயே நான் அடித்த நல்ல அடி. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள், இங்கே எழுதுகிறேன்: இனித்தது. அவன் கண் மேலே சொருகி, முழங்கால் மடிவதற்கு முன்னால் இருந்த அந்த ஒரு நொடி, இனித்தது.

மண்டைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. திறந்து எடுத்தார்கள். பிழைத்தான். ஆனால் இடது கை போய்விட்டது. அந்தக் கையால்தான் அவனுக்குப் பெயரே வந்தது.

அன்றிலிருந்து என் இடது கையும் ஒரு முகத்துக்கு முன்னால் போனால் நின்றுவிடுகிறது. ஜிம்மில் தொங்கும் மணல் மூட்டையை அடித்தால் இடி மாதிரி விழுகிறது. ஆள் என்றால் நிற்கிறது. ஜூனில் எனக்குச் சண்டை இருக்கிறது. எதிராளியைக் கசாப்பு என்று கூப்பிடுகிறார்கள், சும்மா இல்லை. ஹூக் இல்லாமல் அவன் முன்னால் போனால் அடுத்துத் திறக்கப்போகும் மண்டை என்னுடையதுதான்.

பிப்ரவரி 4

அக்கா ஐஸ் வைத்துவிட்டாள். "இந்த மூஞ்சிக்கு நான் பொண்ணு வேற தேடணுமாம்" என்றாள். சிரித்தேன், உதடு மறுபடி பிளந்தது.

பிப்ரவரி 11

இடக்கையனின் மனைவியைப் பார்க்கப் போனேன். பெரிய துணிக்கடை ஒன்றின் பின்னறையில் பேண்ட் கால்களை வெட்டித் தைத்துக் கொடுக்கிறாள். தலையைத் தூக்கியவுடன் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தாள், முனை என் பக்கமாக.

"ஆஸ்பத்திரியிலயே சொன்னேன், வராதீங்கன்னு."

"இது ஆஸ்பத்திரி இல்லையே" என்றேன். எனக்கு வாயில்தான் சனி.

எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். "உயிரோட இருக்காரு. உயிரோட இருக்கீங்களே, அது போதும்னு சொன்னா தட்டு பறக்குது. நேத்து டிவிய உடைச்சாரு. முந்தாநாள் கண்ணாடி."

"எதுக்கு இவ்ளோ கோவம்?"

"சைக்கிளுக்கு."

குத்துச்சண்டைக்கு வருமுன் அவன் சைக்கிள் பந்தயக்காரன். அந்தக் கால்களை வைத்துத்தான் பத்து ரவுண்டு குதித்துக்கொண்டே இருப்பான். அவன் நினைவில்லாமல் கிடந்தபோது இவள் சைக்கிளை விற்றுவிட்டாள். அது வாசலில் நிற்பதைப் பார்க்க முடியவில்லையாம். கண் விழித்தவன் முதலில் கேட்டது அதைத்தான். கையைக்கூட இரண்டாவதாகத்தான் கேட்டான்.

"டாக்டர் ஓட்டலாம்னுதான் சொல்றாரு. ஹெல்மெட் போட்டுட்டு, கூட ஒரு ஆள வெச்சுக்கிட்டு. ஆனா கடையில வாங்கின சைக்கிள் எதுலயும் உக்கார மாட்டேங்கறாரு. என் சைக்கிள் எங்கடின்னு ஒரே பாட்டு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மண்டையில டைட்டானியம் தகடு வெச்சிருக்காங்க. துருப்பிடிக்காது, வளையாதுன்னு டாக்டருக்கு ஒரே பெருமை. எங்க வீட்ல உடையாம இருக்கறது இப்ப அது ஒண்ணுதான்."

பேருந்தில் வரும்போது முடிவு செய்துவிட்டேன். அவனுக்கு ஒரு சைக்கிள். அவன் உடம்புக்கே அளவெடுத்து, டைட்டானியத்தில். அந்தச் சண்டையில் வந்த பணம் தொடப்படாமல் கிடக்கிறது, அத்தனையும் அதற்குப் போகட்டும்.

நான் நல்லவனாகிவிட்டேன் என்று என்னையே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். அவன் என் தோளிலிருந்து இறங்கணும், அவ்வளவுதான். அவன் சைக்கிளில் ஏறிப் போனால் என் கை எனக்குத் திரும்பி வரும்.

பிப்ரவரி 19

கையால் சைக்கிள் ஃபிரேம் செய்பவள் ஒருத்தி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முன்பு விமான உதிரி பாகங்களுக்கு வெல்டிங் செய்தவளாம். ஐம்பது வயதிருக்கும், ஒரு புருவம் கருகிப் பாதிதான் இருக்கிறது. சுவர் முழுக்கக் குழாய்கள், மூலையில் வாயு சிலிண்டர்கள், தரை மட்டும் துடைத்து வைத்த தட்டு.

"யாருக்கு?"

"ஃபிரண்டுக்கு."

"ஃபிரண்டு எங்க?"

"வரமாட்டான்."

"அப்ப சைக்கிளும் வராது. கிளம்புங்க."

கால் எவ்வளவு, முதுகு எவ்வளவு, கை எவ்வளவு என்று பார்த்துத்தான் ஒவ்வொரு குழாயையும் வெட்டுவாளாம். "சட்டை பிடிக்கலன்னா கழட்டிடலாம். இது பிடிக்கலன்னா முதுகு போயிடும்" என்றாள்.

வேறு வழியில்லை, யாருக்கு என்று சொன்னேன். என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஓ. அந்த அடி."

"ஆமா. அந்த அடி."

"அளவு எப்படிக் குடுப்பீங்க?"

"அத எங்கிட்ட விடுங்க. அவன் உடம்பு அவனவிட எனக்குத் தெரியும்."

பிப்ரவரி 26

பழைய பேண்ட் ஒன்றை அவன் மனைவியிடம் வாங்கிக்கொண்டேன், கால் அளவுக்கு. எதற்கென்று சொன்னேன். நம்பவில்லை, இருந்தாலும் கொடுத்தாள். உயரமும் கை வீச்சும் சண்டைக்கு ஒட்டிய போஸ்டரிலேயே இருந்தன. தோளும் முதுகும்தான் பாக்கி.

சுவர் முன்னால் போய் நின்றேன். அந்தச் சண்டைக்கு முன்னால் எட்டு மாதம் அவன் வீடியோவைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன் நான். கண்ணை மூடினால் எதிரே நிற்பான். "இங்க தாடை" என்று நேராக ஒரு ஜாப் குத்து விட்டேன். வெல்டர் அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டாள். "இங்க தோள். வலது தோள் ஒரு விரல் எறக்கம். குனிஞ்சா தலை இங்க வரும். கைய நீட்டினா முஷ்டி இது வரைக்கும்." அவள் கோடு போடப் போட, சுவரில் அவன் வந்து நின்றான்.

அப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. விலாவுக்கு இரண்டு, வயிற்றுக்கு ஒன்று, தாடைக்கு வலது கை. சுண்ணாம்பு உதிர்ந்தது, விரல் கணுத் தோல் உரிந்து கோட்டின் மேல் ரத்தம் பட்டது. விடவில்லை. சாவுடா, ஏன்டா எழுந்திரிக்க மாட்டேங்கற, சாவு, இல்ல எழுந்திரு – கத்தினது நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கடைசியில் இடது ஹூக்கை அவன் பொட்டுக்கு விட்டேன். நின்றது. வெறும் சாக்பீஸ் கோட்டுக்கு முன்னாலும் நின்றது.

"போதும்" என்றாள் வெல்டர். "நான் அளவுதான் கேட்டேன்."

டேப்பை எடுத்துக் குறிகளை அளந்தாள். "இப்படி யாருக்கும் எடுத்ததில்ல. தப்பா வந்தா என்னச் சொல்லாதீங்க." முன்னால் என்ன சின்னம் வேண்டும் என்று கேட்டாள். டைட்டானியத்துக்குப் பெயிண்டே வேண்டாமாம். மின்சாரம் பாய்ச்சினால் அந்த உலோகமே நிறம் மாறுமாம்.

இடது கை கிளவுஸ், நீல நிறத்தில், என்றேன். ரிங்கில் அவன் எப்போதும் நீல மூலையில்தான் நிற்பான்.

மார்ச் 8

பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். "அண்ணே, நீங்கதானே அது!" என்று செல்போனை நீட்டினான். அந்த ஏழாவது ரவுண்டு. மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறான். "கண்ணு எப்படி சொருகுது பாருங்கண்ணே! மறுபடி போடறேன் பாருங்க!" சிரிப்பு வேறு. மூன்றாவது தடவை போட்டபோது அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கம்பத்தில் சாத்தினேன். வலது கையால் மூக்கில் ஒன்று. மூக்கு சாய்ந்தது. இன்னொன்று. கீழே விழுந்த போன் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது, கூட்டம் கத்துகிற சத்தம் தரையிலிருந்து வந்தது. அதை மிதித்தேன்.

இவ்வளவுக்கும் இடது கை பக்கத்தில் சும்மா தொங்கியது, கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

மார்ச் 9

அவன் புகார் கொடுக்கவில்லை. என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முடியுமா என்று ஜிம்முக்கு ஆள் அனுப்பிக் கேட்டானாம். மூக்கில் கட்டோடு. என்ன ஜென்மங்களோ! மாஸ்டர் ஒரு வாரம் உள்ளே வராதே என்றுவிட்டார்.

மார்ச் 27

வெல்டிங் பார்க்க அனுமதித்தாள். இந்த உலோகம் சூடாக இருக்கும்போது காற்று பட்டால் கெட்டுப்போகுமாம். அதனால் குழாய்க்குள் ஆர்கான் வாயுவை நிரப்பி, வெளியேயும் ஊதிக்கொண்டே பற்றவைக்கிறாள். நன்றாக வந்தால் ஒட்டு வெள்ளியாகப் பளபளக்கிறது. ஓர் இடத்தில் நீலம் ஓடியிருந்தது. எனக்கு அழகாகத்தான் பட்டது.

அவள் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லி ரம்பத்தை எடுத்தாள். "காத்து பூந்துடுச்சு. பாக்க நல்லாத்தான் இருக்கும். ஒரு நாள் பள்ளத்துல எறங்கும்போது பட்டுனு போகும், பல்லு பூரா ரோட்ல கெடக்கும்." ஒரு முழுக் காலை வேலையை அறுத்து மூலையில் வீசினாள். அது சுவரில் மோதி மணி போல அடித்தது. அவள் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது. நம் ஆள்.

ஏப்ரல் 15

தடியன் என்னைப் புரட்டி எடுத்துவிட்டான். ஹூக் இல்லை என்று தெரிந்ததும் அவனுக்கு வீரம் வந்துவிட்டது. இடது காது வீங்கி மூடிக்கொண்டது. இரண்டாவது ரவுண்டில் முட்டி போட்டேன், நான்காவதில் மறுபடி. ஒன்றுக்குப் போனால் சிவப்பாக வருகிறது. அக்காவிடம் சொல்லவில்லை.

மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து என் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பிரித்தார். கத்தவில்லை. அவர் கத்தாதது பயமாக இருந்தது. "கசாப்பு இந்த மாதிரி ரெண்டு அடியோட விடமாட்டான். நான் ரத்து பண்ணட்டுமா?"

"மே வரைக்கும் பொறுங்க மாஸ்டர். சைக்கிள் வந்துடும்."

"சைக்கிளா? என்னடா ஒளர்ற?"

மே 6

வந்துவிட்டது! ஒற்றை விரலில் தூக்கினேன். பெயிண்ட் இல்லை, சாம்பல் வெள்ளியாக மழைக்கு முந்தின வானம் மாதிரி இருக்கிறது. முன் குழாயில் கட்டைவிரல் அளவுக்கு நீல கிளவுஸ். அக்கா கூடத்துக்கும் வாசலுக்குமாக நாலு தடவை நடந்து பார்த்தாள். "உன்ன யாராவது இப்படி அளவெடுத்துச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்றாள்.

நாளைக்குக் கொண்டுபோகிறேன். அவன் ஏறி உட்காரட்டும். நாளை மறுநாள் தடியனின் தாடையைப் பார்த்துக்கொள்கிறேன்.

மே 7

வலது கையால் எழுதுகிறேன். இடது கையில் மாவுக்கட்டு.

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்டாண்டில் சைக்கிளைக் கூடத்தில் நிறுத்தினேன். அவன் உள்ளேயிருந்து கைத்தடியோடு வந்தான். ஆள் பாதியாகிவிட்டான். என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தான். குழாயைச் சுண்டிப் பார்த்தான்.

"டைட்டானியமா?"

"ஆமா."

"என் மண்டையில இருக்கறதா?"

"ஆமா."

"அப்ப நானும் இதுவும் சொந்தக்காரங்க" என்றான். சிரித்தான்! என் நெஞ்சுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன், மடையன்.

மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினான். கால்கள் மிதியில் போய்ச் சரியாக உட்கார்ந்தன. வலது கை ஹேண்டிலைப் பிடித்தது. அப்புறம் வலது கையாலேயே இடது கையைத் தூக்கி ஹேண்டிலில் வைக்கப் பார்த்தான். எட்டவில்லை. அந்த முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிப்போயிருக்கிறது, நீளாது. இழுத்தான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மறுபடி இழுத்தான். உடம்பை முன்னால் தள்ளி எட்டப் பார்த்தான். ஸ்டாண்ட் சாய்ந்தது. அவனும் சைக்கிளும் ஒன்றாகத் தரையில்.

தூக்கப் போனேன். அவன் முகத்துக்கு நேரே அந்த நீல கிளவுஸ் இருந்தது.

"இது என்னது?"

"உன் இடது கை" என்றேன். வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா எனக்கு!

முதல் அடி தோளில். கைத்தடி. எப்படி எழுந்தான் என்று பார்க்கவில்லை. அடுத்தது காதில், அடுத்தது கழுத்தெலும்பில். "கிண்டலாடா? கைய எடுத்தவனே அதுக்குப் படம் வரைஞ்சு குடுக்கறியா?" கைத்தடி என் முதுகில் உடைந்தது. மிச்சமிருந்த துண்டால் குத்தினான். சட்டை கிழிந்து தோலும் கிழிந்தது. நான் தலையை மூடிக்கொண்டு நின்றேன். "அளவு யாருடா குடுத்தா?"

"போஸ்டர்ல இருந்தது – நான் –"

"போஸ்டரா! போஸ்டர்ல இருந்தவனத்தான் கொன்னுட்டியேடா! அவனுக்கா சைக்கிள் கொண்டாந்த?"

துண்டை வீசிவிட்டு முஷ்டியால் இறங்கினான். ஒரே கை. ஆனால் இடக்கையனின் வலது கைகூடச் சாதாரணமில்லை. புருவம் பிளந்தது. கண்ணில் ரத்தம். ரிங்கில் செய்கிற மாதிரி கால் தானாக நகர்ந்து சுற்றிவிட்டேன், இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் சுவர். அவன் மனைவி எங்கள் நடுவில் வரப் பார்த்து நாற்காலியில் மோதி விழுந்தாள். "அடிடா! போடு அந்த ஹூக்க! முடிச்சுட்டுப் போ!" அவன் என் விலாவில் குத்தினான், அவனே உடைத்த அந்த இடத்தில்.

வந்தது.

நான் அனுப்பவில்லை. குதிகாலிலிருந்து, இடுப்பிலிருந்து, முழுசாக, நிற்காமல் வந்தது. நேராக அந்தப் பொட்டுக்கு. உள்ளே தகடு இருக்கும் பொட்டு. அந்த நொடியில் எனக்கு என்ன இருந்தது? பயம் இல்லை, பரிதாபம் இல்லை. கொல்லணும்னு இருந்துச்சு. சத்தியமா, அவன கொல்லணும்னுதான் இருந்துச்சு.

சுவர்ப் பூச்சு நொறுங்கியது. என் கைக்குள் என்னென்னவோ முறிந்தன, சத்தம் எனக்கே கேட்டது. அவன் தலை அங்கே இல்லை. இரண்டு விரல் தள்ளி இருந்தது. காதில் சுண்ணாம்புத் தூள்.

கடைசிக் கணத்தில் நான் கையைத் திருப்பினேனா? அவன் தலையை விலக்கினானா? இப்போதும் தெரியவில்லை. எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

விழுந்து கிடந்த அவன் மனைவிதான் முதலில் எழுந்தாள். வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இன்று வாங்கியதிலேயே அதுதான் வலித்தது.

அவன் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "விலகிட்டேன்" என்றான். "பாத்தியா? விலகிட்டேன்."

மே 8

கையில் மூன்று எலும்பு முறிவு. ஜூன் சண்டை போச்சு. மாஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சுவரில் அடித்தேன் என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆள அடிக்க வரல, சுவத்த அடிக்க வருதா?"

ஆளைத்தான் அடித்தேன் என்று சொல்லவில்லை.

மே 12

சாப்பாடு இறங்கவில்லை. என் கை செத்துப்போகவில்லை. அது எங்கே போய் விழும் என்று எனக்கு முன்னாலேயே அதற்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை மாதம் நின்றது.

மே 20

வாசலில் சத்தம். அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒருத்தன் புதுக் கைத்தடியோட நிக்கறான். உன்ன அடிக்க வந்திருக்கானா, நலம் விசாரிக்க வந்திருக்கானான்னு அவனுக்கே தெரியல போல."

இடக்கையன் உள்ளே வரவில்லை. நின்றபடியே கேட்டான்.

"நீ கைய திருப்பிட்டேன்னு எம் பொண்டாட்டி சொல்றா. பாவம் பாத்து விட்டுட்டியாம். நெசமா?"

"தெரியல."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? நான் விலகினேன். அது வர்றத பாத்தேன், விலகினேன். அன்னிக்கு ரிங்குல பாக்கல, இந்தத் தடவ பாத்தேன். நீ பிச்சை போட்டதா எவன்கிட்டயாவது சொன்ன, மிச்சக் கையையும் ஒடைச்சிடுவேன்."

"சரிடா."

போகத் திரும்பினான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அந்த சைக்கிள் செஞ்சவங்ககிட்ட என்னக் கூட்டிட்டுப் போ. நேர்ல அளவு குடுக்கணும்."

மே 24

வெல்டர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். சுவரில் இன்னும் அழிக்காமல் இருந்த சாக்பீஸ் ஆளையும் பார்த்தாள். "இவன் வேற, அவன் வேற" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

டேப்பை எடுத்து அவனை ஒரு மணி நேரம் அளந்தாள். மடங்கிய முழங்கையை, சாய்ந்த தோளை, எல்லாவற்றையும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். ஒரு தடவை அவள் கையைத் தட்டிவிட்டான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

பழைய ஃபிரேமில் பின்பக்கத்தை வைத்துக்கொண்டு மேல் குழாயையும் கீழ்க் குழாயையும் மாற்றலாம் என்றாள். "அறுக்கணும்."

"நான் அறுக்கறேன்" என்றான் அவன்.

அந்த உலோகம் லேசில் அறுபடாது. ஒரே கையால் அறுத்தான். ஃபிரேம் ஆடாமல் இருக்க நான் வலது கையால் அமுக்கிப் பிடித்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு கை, இரண்டும் வலது. ரம்பத்தின் பல் உடைந்தது, வேறொன்று வாங்கிக்கொண்டான். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வசவு: எனக்கு, டாக்டருக்கு, எனக்கு, ரெஃப்ரிக்கு, மறுபடி எனக்கு. குழாய் தனியாக வந்ததும் நீல கிளவுஸ் இருந்த முன் துண்டையும் சேர்த்துத் தூக்கிக் கழிவுத் தொட்டியில் எறிந்தான்.

"புதுசுல என்ன சின்னம்?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம். அது சைக்கிள், கல்லறை இல்ல."

ஜூன் 21

எனக்குப் பதிலாக வேறு ஒருவன் கசாப்போடு மோதினான். இரண்டாவது ரவுண்டில் தாடை இரண்டாகப் போய்விட்டது. டிவியை அணைத்தேன்.

ஜூலை 30

கட்டு அவிழ்த்து மூன்று வாரம். இன்று தடியனோடு நின்றேன். அவன் பழைய ஞாபகத்தில் சிரித்துக்கொண்டே வலது கையைத் தாழ்த்தினான். ஹூக் போனது. நிற்கவில்லை. முழுசாகப் போய்த் தாடையில் இறங்கியது. தடியன் கயிற்றில் மோதி, கயிற்றிலிருந்து சரிந்து, முகம் குப்புற விழுந்தான். பல் காப்பு பறந்துபோய் மாஸ்டர் காலடியில் கிடந்தது.

மாஸ்டர் ரிங்குக்குள் குதித்து என்னைக் கட்டிக்கொண்டார். "வந்துடுச்சுடா! கை வந்துடுச்சு!" அவர் கண்ணில் தண்ணீர்.

தடியன் எழுந்து உட்கார்ந்து இன்று என்ன கிழமை என்று கேட்டான். அவனுக்கு ஒன்றுமில்லை, வழக்கமாகவே அவனுக்குக் கிழமை தெரியாது.

எனக்கு இனித்தது. மறுபடி அதே இனிப்பு, சொட்டுகூடக் குறையவில்லை. அது குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து கிளவுஸைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்தேன். "போதும் மாஸ்டர்" என்றேன். அவர் என்னை அறைந்தார். பிறகு அழுதார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 23

சைக்கிள் தயார். ஹேண்டில் கிட்டே வந்திருக்கிறது, இடது பக்கம் முழங்கையைச் சாய்க்க ஒரு சின்னக் குழிவு. இரண்டு பிரேக்கும் வலது கையின் ஒரே பிடியில். அவன் கூடத்தில் ஏறி உட்கார்ந்து மணிக்கணக்காக மிதித்தான். சுவரில் என் கை போன பள்ளம் இன்னும் இருக்கிறது, பூச வேண்டாம் என்றுவிட்டானாம். வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, தான் எப்படி விலகினான் என்று செய்து காட்டுகிறானாம்.

அவன் மனைவி என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "அண்ணே, உண்மைய சொல்லுங்க. அவரு விலகினாரா?"

என்னை அண்ணே என்றது இதுதான் முதல் தடவை.

"விலகினான்" என்றேன்.

"ரோட்ல ஓட்டறப்ப கூட ஒரு ஆள் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள். யார் என்று சொல்லவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செப்டம்பர் 14

காலையில் ஏரிக்கரைச் சாலை. அவன் ஓட்டினான், நான் பக்கத்தில் ஓடினேன். முதல் வளைவு வரை கூட இருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கால்கள் வேலையைக் காட்டின. "தாடைய மறைடா, கைய தூக்குடா!" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டே போனான். நூறடி, இருநூறடி. பிடிக்க முடியவில்லை.

இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். முன் சக்கரம் சறுக்கியது, அவன் பறந்தான். ஹெல்மெட் தாரில் உரசிய சத்தம் அத்தனை தூரம் கேட்டது. சைக்கிள் இரண்டு புரளல் புரண்டது. அவன் குப்புறக் கிடந்தான், அசைவில்லை.

நான் ஓடின ஓட்டம்! போய்ச் சேரும்போது முழங்கால் இரண்டும் பிய்ந்து, முகவாயில் ரத்தம், கண் திறந்திருந்தது. குனிந்து தோளைப் பிடிக்கப் போனேன்.

"தொடாத" என்றான். தாரில் கன்னத்தை வைத்தபடியே. "எண்ணு."

புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, விரலை நீட்டி, ரிங்கில் விழுந்தவனுக்கு ரெஃப்ரி பத்து வரை எண்ணுகிற மாதிரி எண்ண ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றில் வலது கையை ஊன்றினான். ஐந்தில் வழுக்கினான். சத்தமாகச் சொல்லுடா என்றான். ஆறு என்று கத்தினேன். ஏழில் ஒரு முழங்கால்.

எட்டு சொல்லும்போது எழுந்து நின்றான்.